முதல் வாரத்திலேயே மூட்டை கட்டலாமா?

பதில்கள்: மாணவர் ஆலோசகர், திருக்கடையூர்

கே: வகுப்பு தொடங்கி நான்கு நாள் ஆகிறது. ஒருத்திகூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தக் கல்லூரி எனக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறது. (மாணவி, சீர்காழி)

ப: நீ யாரிடமாவது பேசினாயா? நாளை மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிடுகிற இன்னொரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார். அப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

கே: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூ இயற்பியலில் நல்ல மார்க். இப்போது பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருக்கிறேன். எல்லாப் பாடமும் இங்கிலீஷில். ஒரு வரிகூடப் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள், எனக்கு மட்டும் மூளை இல்லை போலிருக்கிறது. அப்பா கோயில் வாசலில் மாலை கட்டி விற்கிறார். அவருக்கு வீண் செலவு வைக்காமல் நின்றுவிடலாமா? (மாணவி, திருக்கடையூர்)

ப: மூளையைக் குறை சொல்லாதே, அம்மா. பாடம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது பாடம் இல்லை, மொழி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே வீட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. செம்பனார்கோயில், ஆக்கூர், பொறையார் என்று பஸ் போகிற வழியெல்லாம் இப்படிப் பாதியில் நின்றுபோன பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இன்றைக்கும் தாங்கள் மக்கு என்றுதான் நினைப்பு.

உன் முதல் செமஸ்டரில் என்ன இருக்கும்? பருப்பொருளின் பண்புகள் இருக்கும். ஆசிரியர் ‘எலாஸ்டிசிட்டி’ என்று பலகையில் எழுதியிருப்பார். அது நீ பிளஸ் ஒன்னில் படித்த மீட்சிப் பண்பு. ‘விஸ்காசிட்டி’ என்றது பாகுநிலை, ‘சர்ஃபேஸ் டென்ஷன்’ என்றது பரப்பு இழுவிசை. ‘யங்ஸ் மாடுலஸ்’ என்று கேட்டதும் பயந்திருப்பாய். யங் குணகத்தை வைத்து நீ எத்தனை கணக்குப் போட்டிருப்பாய்! உனக்குத் தெரிந்த பாடம்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

இன்று சாயங்காலமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியலைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வெளியிடுகிறது. இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பாட வரிசை இரண்டிலும் ஒன்றுதான். உன் பழைய தமிழ்ப் புத்தகத்தையும் அந்த ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, நாளைக்கு நடத்தப்போகிற பாடத்தை மட்டும் இரண்டிலும் படி. அரை மணி நேரம் போதும். வகுப்பில் எடுக்கிற குறிப்பு நோட்டில் இடது பக்கத்தைக் காலியாக விடு. வலது பக்கம் அவர் சொல்வதை, எழுத்துப் பிழையோடு ஆனாலும் சரி, எழுது. ராத்திரி இடது பக்கத்தில் உன் தமிழில் எழுது. முதல் இன்டர்னல் டெஸ்ட் வருவதற்குள் இடது பக்கம் எழுதுகிற வேலை குறைந்துகொண்டே வரும். பிள்ளைகள் பலர் நோட்டில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தினாலும் பரீட்சையை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யூ.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. உன் பாடத்தில் தமிழில் எழுத வழி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் நேரே போய்க் கேள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை. முதல் வாரத்திலேயே கடகடவென்று ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டு, ‘எனி டவுட்ஸ்?’ என்று கேட்டு, யாரும் வாய் திறக்காததைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று கிளம்பிப் போகிறாரே, அவர் வெட்கப்படட்டும். தலையாட்டுகிற அந்தப் பெண்களுக்கும் புரிந்திருக்காது. ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். முதல் மாதம் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் தமிழை ஒரு முறை சொன்னால் உங்கள் படிப்பு குறைந்துவிடாது.

செலவைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிற திட்டம். கல்லூரி ஆபீசில் விண்ணப்பம் போட்டுவிட்டாயா என்று பார். நின்றால் அந்தப் பணமும் நின்றுவிடும்.

அப்பா ‘உன் இஷ்டம்’ என்று சொல்லியிருந்தால், அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. விடியற்காலையில் எழுந்து சஷ்டியப்தபூர்த்திக்கு வருகிறவர்களுக்கு மாலை கட்டுகிற மனிதர், மகளைக் கட்டாயப்படுத்த மனமில்லாமல் சொன்ன வார்த்தையாக இருக்கும். நீ படி.

கே: கும்பகோணத்தில் படித்த கணித மேதை ராமானுஜனே கல்லூரியைப் பாதியில் விட்டவர்தானே? நான் மட்டும் ஏன் தொடர வேண்டும்? (மாணவர், குத்தாலம்)

ப: பாதிக் கதையைத் தெரிந்துகொண்டு வாதாடாதே, தம்பி. அவர் 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடாததால் மற்றப் பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். அடுத்த வருடமே சென்னை பச்சையப்பன் கல்லூரியில் திரும்பவும் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் அங்கும் தேறவில்லை. பிறகு வருடக்கணக்கில் வறுமை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். படிப்பை உதறிவிட்டு ஜெயித்த கதை இல்லை இது. கல்லூரி வெளியே தள்ளிய பிறகும் அதன் வாசலுக்கே திரும்பத் திரும்ப வந்தவரின் கதை. ஓடிப்போனதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

கே: மகனைச் சென்னையில் பி.காம். சேர்த்து ஹாஸ்டலில் விட்டோம். தினமும் ராத்திரி போன் செய்து அழுகிறான், கூட்டிக்கொண்டு போ என்கிறான். காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறான். போய் அழைத்து வந்துவிடலாமா? (தந்தை, தரங்கம்பாடி)

ப: ஐயா, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை, அம்மா ஞாபகம் வருகிறது என்று காரணம் சொல்லி அழுகிற பிள்ளையாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், சரியாகிவிடும் என்று எழுதியிருப்பேன். காரணம் சொல்லாமல் அழுகிறான் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இந்த வார இறுதிக்குக் காத்திருக்காதீர்கள், நாளையே போங்கள். வார்டனைப் பார்ப்பதற்கு முன் மகனை வெளியே ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போய், சாப்பிட வைத்து, சீனியர் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேளுங்கள். உடனே பதில் வராது. கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

நம் பக்கத்திலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நம் தலைமுறை மறக்கவில்லை. அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். மகன் வாய் திறந்தால் புகாரை எழுத்தில் கொடுங்கள். தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அப்படி எதுவும் இல்லை, வெறும் ஏக்கம்தான் என்று தெரிந்தால், ஒரு நாள் கூட இருந்துவிட்டு நீங்கள் மட்டும் ஊர் திரும்புங்கள்.

கே: பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. என் மகளைப் பேசாமல் நிறுத்திவிட்டு அடுத்த வருடம் முயற்சி செய்யலாமா? (தாய், மயிலாடுதுறை)

ப: மகளைக் கேட்டீர்களா, அம்மா? உங்கள் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

கே: எங்களுக்கு ஒன்பது மா நிலம். குறுவை நடவு நடக்கிறது, ஆள் கிடைக்காமல் அப்பா திண்டாடுகிறார். வகுப்பில் உட்கார்ந்தால் மனம் வயலில் இருக்கிறது. படிப்பை விட்டு விவசாயம் பார்க்கிறேனே? (மாணவர், ஆக்கூர்)

ப: விவசாயத்துக்கு வருகிறேன் என்கிற பையனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒன்பது மா என்றால் மூன்று ஏக்கர். அப்பாவுக்கு அந்த நிலம் என்ன மிச்சம் கொடுக்கிறது என்று நோட்டைப் பிரித்துக் கணக்குப் பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து உழவு, விதை, நடவுக் கூலி, உரம், அறுப்பு மிஷின் வாடகை எல்லாவற்றையும் எழுது. கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தையும் எழுது. பிறகு பேசுவோம்.

குறுவைக்கு 110 நாள் வைத்துக்கொள். அறுப்பு முடிகிற வரைக்கும் கல்லூரியில் இரு. காலையில் ஒரு எட்டு வயலைப் பார்த்துவிட்டு பஸ் ஏறு. அப்போதும் மனம் வயலிலேயே இருந்தால், அப்பாவுடன் எனக்கு எழுது. நடவு நேரத்து ஆள் தட்டுப்பாட்டுக்காக ஒரு பட்டப்படிப்பை விடாதே. நடவு சில நாளில் முடிந்துவிடும்.

கே: தவறான பாடத்தில் சேர்ந்துவிட்டேன், வேறு கல்லூரியில் நான் விரும்பிய பாடம் கிடைத்துவிட்டது. விலகுகிறேன் என்றால், மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி., மார்க் ஷீட் தருவோம் என்கிறார்கள். (மாணவர், கும்பகோணம்)

ப: நீ விலகலாம். தெரிந்து, யோசித்து, வேறு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலகுகிறாய். அவர்கள் சொல்வது அடாவடி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யூ.ஜி.சி. 2018 அக்டோபர் அறிவிப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. முழுப் படிப்புக்கும் முன்பணம் கேட்கவும் கூடாது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும், அலுவலகச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். அந்தக் கடைசி 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. காஷன் டெபாசிட் எப்போதுமே முழுதாக உனக்குரியது. சில வருடங்களில் யூ.ஜி.சி. தனியாகத் தேதி அறிவிப்பதும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்.

ஆபீசில் வாயால் சொல்லிவிட்டு வராதே. முதல்வர் பெயருக்குக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கு. முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்து. நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.