மாடியில் டிரைவ், கீழே நீங்கள்: லினக்ஸில் சிடி எழுத...

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு அறைக் கணினியில் சிடி எழுதும்போது சிக்கலா? இவற்றைக் கவனியுங்கள்.

● அனுமதி இல்லை என்கிறதா? கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு டிரைவைப் பயன்படுத்தும் உரிமை பெரும்பாலும் தானாகவே கிடைக்கும். தொலைவிலிருந்து நுழைபவருக்குக் கிடைக்காது. டெபியன், உபுண்டுவில் உங்கள் பயனர் பெயரை ‘சிடிராம்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

● டிரைவ் பிஸியா? உள்ளே இருக்கும் சிடி தானாக மவுன்ட் ஆகியிருக்கலாம். அன்மவுன்ட் செய்யுங்கள்.

● சிடி பாதியில் வீணாகிறதா? வைஃபை வழியே நேராக எழுதாதீர்கள். ஐஎஸ்ஓ கோப்பை முதலில் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். அளவு 700 எம்பிக்குள் இருக்கட்டும்.

● இணைப்பு அறுந்தால் எழுதுவதும் நிற்கிறதா? ‘ஸ்கிரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ உள்ளே கட்டளையை ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் வேலை நடக்கும்.

● சந்தேகமா? சிடி எழுதும் ‘வோடிம்’ கட்டளையில் ‘டம்மி’ சேர்த்தால், சிடியில் எதுவும் பதியாமல் ஒத்திகை நடக்கும். சரியாக முடிந்தால் 8 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள்.

● எந்த டிரைவ் என்று குழப்பமா? ‘இஜெக்ட்’ கொடுத்துவிட்டு, “தட்டு வெளியே வந்துச்சா?” என்று மாடியில் இருப்பவரிடம் ஒரு குரல் கேளுங்கள். வெற்று சிடியையும் அவரே வைத்துவிடுவார்!