ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நோய்களின் பட்டியல் உங்கள் பாடநூலில் இருக்கிறது. நெரிசலான ஓ.பி.யில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் எதைச் சாதாரணமாக விடலாம், எதற்குப் பதற வேண்டும் என்று பிரித்தறிய எனக்கு உதவியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1. யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி இதுதான்: ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? சளியும் ஒவ்வாமையும் பெரும்பாலும் பக்கம் பார்ப்பதில்லை. ஒரே பக்கம் என்று பதில் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி ஒழுகினால், உள்ளே பாசிமணியோ கடலையோ பஞ்சோ இருக்கிறது என்றே எண்ணித் தேடுங்கள். அது பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி என்றால் ‘நாளைக்கு வாங்க’ என்ற பேச்சே கூடாது. சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். பதினான்கு வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைப்பு, அதே பக்கம் அடிக்கடி ரத்தம் என்றால் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியை நினையுங்கள். ஸ்கேன் பார்க்கும் முன் பயாப்ஸிக்கு அதில் கை வைத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாமல் தவிப்பீர்கள். நடுத்தர வயதுக்காரருக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்திருந்தால் காதோடு நின்றுவிடாமல் எண்டோஸ்கோப்பில் மூக்கின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே வளரும் புற்றுநோய் சில சமயம் காதடைப்பாகத்தான் முதலில் தலைகாட்டும்.

2. நான் பணியில் சேர்ந்த புதிதில் விசைத்தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். ‘காலையில எந்திரிச்சதிலிருந்து இந்தக் காது அடைச்சிருக்குங்க’ என்றார். உள்ளே கொஞ்சம் குறும்பி தெரிந்தது. சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். வேலை விட்டு வர முடியாமல் ஒரு மாதம் கழித்து வந்தார். அடைத்திருந்தது குறும்பி அல்ல. உள்காது நரம்பு செயலிழந்திருந்தது. அந்தக் காது கடைசிவரை திரும்பவில்லை. என் சட்டைப் பையில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவே இல்லை. திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்று யார் சொன்னாலும் அதைத் தட்டி நெற்றி நடுவில் வையுங்கள். சத்தம் அடைத்த காதில் கேட்டால் குறும்பி, நீர் போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் கேட்டால் நரம்புக் கோளாறு. அன்றே ஆடியோகிராம், அன்றே ஸ்டீராய்டு பற்றிய முடிவு. முதல் இரண்டு வாரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அப்போதும் எல்லாருக்கும் கேட்கும் திறன் திரும்புவதில்லை. ஆனால் அந்த வாய்ப்பை நாம் பறித்துவிடக் கூடாது.

3. சனங்களின் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘உள்நாக்கு வளர்ந்திருக்கு’ என்றால் பெரும்பாலும் டான்சிலைத்தான் சொல்கிறார்கள். ‘மூக்குல சதை வளருது’ என்று பயந்து வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஒவ்வாமையால் வீங்கிய டர்பினேட். பிறவியிலேயே எல்லாருக்கும் இருக்கும் பகுதி அது என்று சொன்னால் பாதி நோய் அங்கேயே இறங்கிவிடும். ‘கிறுகிறுப்பு’ என்றால் படுக்கையில் புரளும்போது வருகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் உள்காதின் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் அது உறுதியானால், தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்லி முறையே பலருக்குப் போதும். மாதக்கணக்கில் மாத்திரை வேண்டாம்.

4. சீழ் வடியும் காதை மூக்காலும் பாருங்கள். நிறைய, நாற்றமில்லாமல், கோழை போல வடிந்தால் பெரும்பாலும் ஜவ்வில் ஓட்டை; காதை உலர வைப்பதே பாதி வைத்தியம். குளிக்கும்போது தேங்காய் எண்ணெய் தோய்த்த பஞ்சை அடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொஞ்சமாக, ஆனால் அழுகல் நாற்றத்தோடு வடிந்தால் கொலஸ்டியாடோமாவைச் சந்தேகியுங்கள். அது எலும்பை அரித்து மூளை வரை போகும். சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு ஜவ்வின் மேல் மூலையைப் பார்க்காமல் ‘சாதாரணம்’ என்று எழுதாதீர்கள். சீழோடு தலைவலி, காய்ச்சல், வாந்தியும் சேர்ந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

5. மூக்கில் ரத்தம் என்றால் தலையைப் பின்னால் சாய்ப்பது நம் வீடுகளின் வழக்கம். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும். முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு ரத்த அழுத்தம் பாருங்கள்.

6. அடைப்பு நீக்கும் மூக்குச் சொட்டு மருந்துக்கு ஐந்து நாள் கெடு வையுங்கள். அதற்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

7. காது தானாகவே சுத்தம் செய்துகொள்ளும். பட்ஸ் குறும்பியை உள்ளே தள்ளும். தண்ணீர் பீய்ச்சுமுன் ஜவ்வில் ஓட்டை உண்டா என்று விசாரியுங்கள். தண்ணீர் உடல் சூட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் தலை சுற்றிவிடும். பூச்சி உயிரோடு இருந்தால் முதலில் எண்ணெய் விட்டு அதை அடக்குங்கள். பயறு, கடலை என்றால் தண்ணீரே கூடாது, ஊறிப் பருத்துவிடும்.

8. குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினால் குரல்நாணைப் பாருங்கள். பார்க்காமலே ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி எழுதுவதை நான் பொறுத்துக்கொண்டதில்லை. 1854-இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் சிறு கண்ணாடியையும் வெயிலையும் வைத்தே தன் குரல்நாணைத் தானே பார்த்தார். நம்மிடம் அதைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன.

9. சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கக் கன்னம் வலித்து மரத்துப்போய், மூக்கில் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் 2021 கோவிட் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பூஞ்சை கண்ணுக்குப் போகக் காத்திருக்காது.

10. பிறந்த குழந்தையின் காது கேட்கிறதா என்று தட்டைத் தட்டிப் பார்த்து வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். குழந்தை அதிர்வுக்கும் திரும்பும், கை அசைவுக்கும் திரும்பும். ஒரு மாதத்துக்குள் ஓ.ஏ.இ. சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தை என்றால் இன்னும் கவனம். குற்றம் சொல்லும் தொனி மட்டும் வேண்டாம், அந்தத் தாய் ஏற்கெனவே போதுமான பேச்சைக் கேட்டிருப்பாள். காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு என்பதை நீங்களே சொல்லுங்கள். சோதனையில் தேறாத ஒவ்வொரு குழந்தைக்கும் தாயின் பெயர், ஊர், போன் நம்பரை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறித்த நாளில் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே நீங்கள் கூப்பிடுங்கள்.