கழற்ற முடியாத அலாய் வீல்: உப்புக்காற்றுப் பகுதி வணிகர்களுக்கு ஒரு பாடம்

கடைக்கு முதல், சரக்கு. சரக்குக்கு உயிர், வண்டி. தராசை மாதந்தோறும் துடைத்து வைக்கும் நாம், வண்டிச் சக்கரத்தைப் பஞ்சர் ஆகும் நாள்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்குத்தான் தெரிகிறது, நட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சக்கரம் ஹப்பை விட்டு வர மறுக்கிறது என்பது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. ஆனால் வண்டி நகரவில்லை. விடியற்காலையில் காய்கறி ஏற்றி வரும் வண்டியாயின், வெயில் ஏற ஏறக் கீரை வாடும், தக்காளி நசியும், வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. ஆத்திரத்தில் சக்கரத்தை ஓங்கி உதைக்கும்போது ஜாக்கி சரிந்தால் கை கால் போகும், சில வேளை உயிரே போகும். ஆகவே இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

யாருக்கு இந்தப் பாடம்?

குட்டி யானை போன்ற சுமை வண்டிகளுக்குப் பெரும்பாலும் இரும்புச் சக்கரமே வருகிறது. அதுவும் துருப்பிடித்து ஒட்டுவது உண்டு. ஆனால் குடும்பத்துக்கும் வசூலுக்கும் அவசரச் சரக்குக்கும் நாம் பயன்படுத்தும் கார்களில் இன்று அலாய் வீல் மிகுந்துவிட்டது. பார்வைக்கு அழகு, எடையும் குறைவு. அது அலுமினியக் கலவையால் ஆனது. அது உட்காரும் ஹப்போ இரும்பு. இரண்டு உலோகமும் சேரும் இந்த இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

கீழ்வேளூருக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நாகப்பட்டினம் கடல். நம்மவர் பலருக்கு வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சரக்குப் போக்குவரத்து உண்டு. வேதாரண்யத்து உப்பையும் நாகைக் கருவாட்டையும் வண்டியில் ஏற்றுவோரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயல் நீர் சாலையில் ஏறி நிற்கும். உப்பும் ஈரமும் இரண்டு உலோகமும் ஓரிடத்தில் கூடுவதற்கு இதைவிட வசதியான ஊர் வேண்டுமா?

ஒட்டுவது ஏன்?

புளியையும் உப்பையும் அலுமினியப் பாத்திரத்தில் போட்டு வைத்தால் பாத்திரம் பொத்துப்போகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய தோல் ஒன்று படர்ந்து அதைக் காக்கிறது. உப்பு அந்தத் தோலைத் துளைக்கும்.

இத்துடன் இன்னொரு காரணமும் சேர்கிறது. வெவ்வேறு இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் உப்பு நீரும் இருந்தால், அது ஒரு சிறு பேட்டரியாகிவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது. கையால் தொட்டால் தெரியாது. ஆனால் அது இரவும் பகலும் ஓடும். அந்தப் பேட்டரியில் ஓர் உலோகம் கரையும், மற்றது தப்பும். அலுமினியமும் இரும்பும் சேர்ந்தால் கரைவது அலுமினியம்.

கரைந்த அலுமினியம் சுண்ணாம்புப் பொடி போன்ற வெள்ளைத் தூளாகிறது. ஹப்பின் இரும்பும் தன் பங்குக்குத் துருவை விடுகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும் பொருள். வீலின் நடுத்துளை ஹப்பின் மேல் மயிரிழை இடைவெளியுடன் உட்காருவது. அந்த இடைவெளியில் தூளும் துருவும் உப்பிக்கொண்டால், ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். நட்டுக்கு இதில் வேலையே இல்லை. நட்டைக் கழற்றினாலும் ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கும்.

கப்பல் சொன்ன பாடம்

இது புதிய வியாதி அன்று. ஆங்கிலேயக் கடற்படை 1761 இல் அலாரம் என்னும் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்தது. புழுவும் பாசியும் மரத்தை அரிக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. 1763 இல் கப்பலைச் சோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது; ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் பழுதில்லாமல் இருந்தன. என்ன காரணம் என்று பார்த்தால், செப்புத் தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் அந்த இடங்களில் மட்டும் கிழியாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே நின்றிருந்தது. நாம் கடையில் பொட்டலம் மடிப்பது போன்ற ஒரு தாள், இரும்பைக் காப்பாற்றிவிட்டது!

நியூயார்க் துறைமுகத்தில் 1886 இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையிலும் இதே கதைதான். வெளியே செப்புத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடாதபடி நடுவே வைத்த பொருள் காலப்போக்கில் கெட்டது. கடற்காற்றில் இரும்பு அரித்தது. 1986 இல் முடிந்த சீரமைப்பில் இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகை வைத்தார்கள்.

இரண்டு கதையிலும் செம்பு தப்பியது, இரும்பு அழிந்தது. நம் சக்கரத்தில் இரும்பு தப்புகிறது, அலுமினியம் அழிகிறது. ஆள் மாறினாலும் வழக்கு ஒன்றுதான். மருந்தும் ஒன்றுதான்: இரண்டுக்கும் நடுவே ஒரு திரை வேண்டும்.

ஒட்டிய வீலைக் கழற்றும் முறை

கீழ்க்கண்ட வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும்.

1. சரக்கை இறக்கிவிடுக. சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுக்க வேண்டும். வயலோர மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் கனமான பலகை வைக்கவும்.

2. நட்டுகளை எண்ணிப் பார்க்கவும். மூடிக்கு அடியில் ஒரு நட்டு ஒளிந்திருக்கலாம். நட்டு இருக்கும்போதே வீல் ஒட்டிவிட்டது என்று எண்ணி அடிப்பவர் உண்டு.

3. நட்டுகளை முழுவதும் கழற்றாமல், எல்லா நட்டும் மரையில் இருக்கும்படி ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்தி வைக்கவும். திடீரென வீல் விடுபட்டாலும் வெளியே வந்து விழாது. இந்த ஒரு விதி பல விபத்துகளைத் தடுக்கும்.

4. நடு மூடியை எடுத்துவிட்டு, வீலும் ஹப்பும் சேரும் வட்டக் கோட்டில் துரு இளக்கும் எண்ணெயைச் சிறிதளவு விட்டு அரைமணி நேரம் காத்திருக்கவும். பிரேக் டிஸ்கிலோ டிரம்மிலோ ஒரு சொட்டும் படக்கூடாது. பிரேக்கில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது.

5. ஜாக்கியை இறக்கி வண்டியின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் விடவும். நட்டுகள் தளர்ந்தே இருக்கட்டும். பக்கவாட்டில் நின்று வண்டியின் கூரையோரத்தை இப்படியும் அப்படியுமாக ஆட்டினால், பல வேளைகளில் 'டக்' என்ற ஓசையுடன் ஆப்பு விடும். சாலையோரத்தில் தனியே நிற்பவருக்கு இதுவே மிகவும் பத்திரமான வழி.

6. அதற்கும் அசையாவிட்டால், ஆளில்லாத முற்றத்தில் மட்டும், கட்டைகளை எடுத்துவிட்டு வண்டியை ஓரிரு அடி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்திப் பிரேக்கை அழுத்தலாம். பொதுச் சாலையில் இதைச் செய்யக்கூடாது. தளர்ந்த நட்டோடு பட்டறைவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்கவே கூடாது.

7. கடைசி வழி, அடிப்பது. வண்டியை மீண்டும் கட்டை கொடுத்துத் தூக்கி, ஜாக்கியோடு உறுதியான ஸ்டாண்டும் கொடுத்த பிறகே அடிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் நுழையாமல், நீண்ட மரச்சட்டம் ஒன்றை உள்பக்கமாகச் செலுத்தி, டயரின் ரப்பர் மேல் ஊன்றி, சட்டத்தின் மறுமுனையில் அடிக்கவும். ஓர் அடி, சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பி மறு அடி. ஒரே இடத்தில் பத்து அடியைவிட, சுற்றி வந்து நான்கு அடி பலன் தரும்.

கொதிநீருக்கும் ஓரளவு பயன் உண்டு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். எனவே வீலின் நடுப்பகுதியில் கொதிநீர் ஊற்றியவுடன் சட்டத்தால் தட்டினால் பிடி சற்று இளகும்.

செய்யக்கூடாதவை

இரும்புச் சுத்தியலால் அலாய் வீலை நேராக அடிக்கக்கூடாது. அலுமினியக் கலவை இரும்பைப்போல நெளிந்து கொடுக்காது, விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் பின்னொரு நாள் வேகத்தில் வெளிப்படும். ஊதுவிளக்கோ வாயு நெருப்போ காட்டக்கூடாது. வீலின் வலிமை குறையும், பேரிங் கிரீஸ் உருகும், சூடான டயர் வெடிக்கவும் கூடும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியை உதைக்கக்கூடாது.

கழற்றிய பின்

பாதி வேலைதான் முடிந்தது. கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் துருவை நன்றாகத் தேய்த்தெடுக்க வேண்டும். வீலின் நடுத்துளையையும் உள்முகத்தையும் மெல்லிய உப்புத்தாளால் வெள்ளைத்தூள் போகும் அளவுக்கு மட்டும் துடைக்கவும். உலோகத்தைச் சுரண்ட வேண்டாம். துருச் செதில் ஒன்று நடுவே மாட்டிக்கொண்டால் வீல் சமமாக உட்காராது; ஓடும்போது செதில் நொறுங்கி நட்டு தளரும்.

பிறகு, ஹப்பின் நடு வளையத்தில் மட்டும், உலோகம் ஒட்டாமல் தடுக்கும் பசையை விரலால் மெல்லியதாகத் தடவவும். இதுதான் நம்முடைய பழுப்புத் தாள். போல்ட் மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் தடவக்கூடாது. அங்கே வழுக்கல் வந்தால் அதே கைவிசைக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட் இழுபட்டுப்போகும். நட்டுகளை எதிரெதிராக, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும்.

வருமுன் காக்க

ஐப்பசிக்கு முன் ஒருமுறை, தை பிறந்து மழை ஓய்ந்தபின் ஒருமுறை, நான்கு சக்கரங்களையும் கழற்றித் துடைத்துப் பூட்டச் சொல்லுங்கள். டயர் இடம் மாற்றும்போதே இதையும் முடிக்கலாம். உப்பு, கருவாடு ஏற்றிய வண்டியையும் வெள்ள நீரில் ஓடிய வண்டியையும் நல்ல தண்ணீரால் சக்கரத்தின் உட்புறம்வரை கழுவுங்கள். வெளிக்கடையில் அலாய் வீல் வாங்கினால் நடுத்துளை அளவும் நட்டு வகையும் நம் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல கார்களில் ஸ்டெப்னி இரும்பு வீலாக இருக்கும். இருக்கிற நட்டு அதற்கும் பொருந்துமா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கடைக்குள்ளும் இதே பாடம்

அலுமினிய அலமாரியில் இரும்புத் திருகு, பித்தளைத் தராசுத் தட்டில் இரும்புக் கொக்கி, உப்பு மூட்டையை ஒட்டிய ஷட்டர் சட்டம், இவையெல்லாம் அதே பேட்டரிகள்தாம். உப்பு மூட்டையைத் தள்ளி வையுங்கள். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் ரப்பர் வளையமோ, வண்ணப்பூச்சோ கொடுங்கள். ஈரத்தைத் துடையுங்கள்.

பாடத்தைச் சரிபார்க்க

வண்டி ஓட்டும் பையனிடம் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். ஒட்டிய வீலைத் தட்டும்போது நட்டு எங்கே இருக்க வேண்டும்? அடி எதன்மேல் விழ வேண்டும்? எண்ணெய் எங்கே படக்கூடாது? பசை எங்கே தடவக்கூடாது? நான்குக்கும் தடையின்றிப் பதில் சொன்னால், அவரை நம்பிச் சரக்கை அனுப்பலாம். சொல்லாவிட்டால், இந்தப் பக்கத்தைக் கிழித்து வண்டியின் டாஷ்போர்டில் வைத்துவிடுங்கள்.