புறநகரும் போக்குவரத்தும்

பெருநகரின் நிழலில் வளரும் சிற்றூரைப் புறநகர் என்கிறோம். நேற்றுவரை ஏரியும் வயலுமாய் இருந்த இடம் இன்று மனைகளாய்ப் பிரிகிறது. நாளை மாடி வீடுகளாய் எழுகிறது. வீடுகள் முதலில் வருகின்றன. கடையும் பள்ளியும் அவற்றின் பின்னே வருகின்றன. சாலை எல்லாவற்றுக்கும் பின்னே வருகிறது. பஸ் வந்தால் வரும், வராமலும் போகும். அங்குக் குடியேறியவர்களோ நாள்தோறும் பெருநகருக்குச் சென்று உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்ப வேண்டியவர்கள். இத்தகைய ஊருக்குச் சாலையையும் போக்குவரத்தையும் எங்ஙனம் திட்டமிடுவது? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயவிருக்கும் பொருள்.

நான் நகரமைப்புப் பயிலும் மாணவன். நம் மன்றத்து அன்பர்களிலோ இலக்கியம், பொருளியல், மருத்துவம் பயில்வோரே மிகுதி. ஆதலின் துறைச் சொற்களைக் குறைத்து, எல்லோர்க்கும் பழக்கமான பஸ்ஸையும் இரயிலையும் கொண்டே விளக்க முயல்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: புறநகர்த் திட்டம் சாலையின் அகலத்திலிருந்து தொடங்கலாகாது, வீட்டு வாயிலிலிருந்து இரயில் நிலையத்துக்குச் செல்லும் மனிதரின் காலடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

கற்பனையாக ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டிலிருந்து 5 நிமிடம் நடந்து பஸ் நிறுத்தம் அடைகிறார். பஸ் 30 நிமிடத்துக்கு ஒன்று. நேரம் அறியாமல் வருபவர் சராசரியாக 15 நிமிடம் நிற்க வேண்டும். நிலையம் 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால் 12 நிமிடம் ஆகிறது. இறங்கிச் சாலையைக் கடந்து மேடையை அடைய 5 நிமிடம். இரயிலுக்குக் காத்திருக்க 5 நிமிடம். பின்பு 25 கிலோமீட்டர் இரயில் பயணம் 40 நிமிடம். மொத்தம் 82 நிமிடம்.

இதில் ஒரு வியப்பைக் காணுங்கள். 25 கிலோமீட்டருக்கு ஆனது 40 நிமிடம். தம் சொந்த ஊருக்குள் 3 கிலோமீட்டருக்கு ஆனதோ 42 நிமிடம்!

இப்போது ஊர்ச் சாலையை அகலமாக்குகிறோம் என்று கொள்வோம். கடைகளை இடித்து, மரங்களை வெட்டி, இழப்பீடு கொடுத்து முடித்தபின் பஸ்ஸின் வேகம் 15-லிருந்து 20 ஆகிறது. 12 நிமிடம் 9 நிமிடமாகும். மிச்சம் 3 நிமிடம். சாலையைத் தொடாமல், பஸ்ஸை மட்டும் 10 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டால்? காத்திருப்பு 15-லிருந்து 5 ஆகும். மிச்சம் 10 நிமிடம். கூடுதல் பஸ்ஸுக்கும் ஓட்டுநருக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு என்பது உண்மையே. ஆயினும் எது பயன் மிக்கது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க ஒரு தாளும் எழுதுகோலும் போதும். பல ஊர்களில் அந்தத் தாளை எடுக்குமுன்பே சாலையை இடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள்.

அகலம் தீர்வாகுமா?

சாலையை அகலமாக்கினால் நெரிசல் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. 1962-இல் அந்தோணி டௌன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலார் இதை மறுத்து எழுதினார். நெரிசல் நேரத்தில் புதிய அகலச் சாலை விரைவிலேயே நிரம்பிவிடும் என்றார் அவர். வேறு வழியில் சென்றவர், வேறு நேரத்தில் சென்றவர், பஸ்ஸில் சென்றவர் ஆகிய மூவகையினரும் புதுச் சாலைக்கு வந்து சேர்வர். டுராண்டன், டர்னர் என்னும் இருவர் 2011-இல் அமெரிக்க நகரங்களின் கணக்குகளை ஆராய்ந்தனர். பெருநகரங்களின் நெடுஞ்சாலைகள் எந்த விகிதத்தில் நீள்கின்றனவோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் அவற்றில் வண்டிகள் ஓடும் தொலைவும் கூடுகிறது என்று அவர்கள் கண்டனர்.

புறநகரில் இதற்கு மற்றொரு விளைவும் உண்டு. பஸ்ஸை விட்டு ஸ்கூட்டருக்கு மாறுவோர் பெருகப் பெருக, பஸ்ஸின் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் பஸ்களின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் எஞ்சியவரும் ஸ்கூட்டர் வாங்குவர். வாங்க இயலாத முதியவரும் மாணவியரும் ஏழைகளும் நிறுத்தத்திலேயே நிற்பர்.

ஒரு தடத்தால் எத்தனை பேர் செல்ல முடியும் என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, ஒரு மணி நேரத்தில் மோட்டார் கார்கள் செல்லும் தடத்தில் 600 முதல் 1,600 பேர் வரை செல்லலாம். அதே அகலம் பஸ்ஸுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டு, பஸ்கள் அடிக்கடி ஓடினால் 4,000 முதல் 8,000 பேர் செல்லலாம். நடைபாதையானால் 9,000 பேர் வரை செல்லலாம். வண்டிகளை அன்று, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-இல் இந்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் கூறுகிறது. சாலையே வேண்டா என்பது என் வாதம் அன்று. தீயணைப்பு வண்டிக்கும் நோயாளி ஊர்திக்கும் சரக்குக்கும் நல்ல சாலை வேண்டும். எது முதலில், எது பின்னர் என்பதில்தான் என் கருத்து வேறுபடுகிறது.

ஹௌட்டன் காட்டும் வழி

நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகருக்கு அருகே ஹௌட்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1960-களில் அங்கு வாழ்ந்தோர் சில ஆயிரவரே. பெருநகரின் மிகுதி மக்களைக் குடியேற்றும் வளர்ச்சி ஊர்களில் ஒன்றாக அரசு அதனைத் தேர்ந்தது. ராப் டெர்க்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதற்குத் திட்டம் வரைந்தார். இன்று அங்கு ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர்.

அத்திட்டத்தின் அடிப்படை மிக எளிது. ஊரைச் சுற்றி ஒரு வட்டச்சாலை. ஊரின் நடுவே இரயில் நிலையம். ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொரு குடியிருப்புக்குக் காரில் செல்ல வேண்டுமானால், பெரும்பாலும் வெளியே வட்டச்சாலைக்கு வந்து சுற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் ஊரின் நடுவே மரங்களுக்கிடையில் நேர் வழியில் செல்லலாம். பள்ளிகளையும் அந்த நேர் வழியை ஒட்டியே அமைத்தார்கள். இரயில் நிலையம் 1982-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஊர் தெற்கே வளர்ந்தபோது இரண்டாவது வட்டச்சாலையும், 2010-இல் இரண்டாவது நிலையமும் வந்தன. பழைய நிலையத்தில் தண்டவாளத்தின் கீழேயே ஏறத்தாழ 3,000 சைக்கிள்களை நிறுத்தும் இடம் உண்டு. சைக்கிளை விட்டுப் படியேறினால் இரயில் மேடைதான்.

இங்கே காரைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கார் ஒவ்வொரு வீட்டு வாயிலுக்கும் வரும். ஆனால் சுற்றி வரும். ஊருக்குள் குறுகிய தூரத்துக்குக் காரைவிடச் சைக்கிளே விரைவானது. அறிவுரை கூறி மக்களை மாற்றாமல், வழியை மாற்றி அமைத்தார்கள்.

"அவர்கள் வெறும் வயலில் ஊர் கட்டினார்கள், நம் ஊர்களோ ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கின்றனவே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டச்சாலையை நாம் அப்படியே எடுத்து வைக்க இயலாது. ஆனால் நம் புறநகரின் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் ஒரு மனைப்பிரிவு போடுகிறார். அடுத்தவர் அதன் பக்கத்திலேயே மற்றொன்று போடுகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு மதில். இரண்டிலிருந்தும் பிரதான சாலைக்கு மட்டுமே வழி. மதிலுக்கு அப்பால் 100 மீட்டரில் இருக்கும் பள்ளிக்குக் குழந்தை நெடுஞ்சாலை வரை சென்று, லாரிகளுக்கிடையே நடந்து, மீண்டும் உள்ளே வர வேண்டும். ஹௌட்டனில் கார் சுற்றிச் செல்கிறது, மனிதர் நேரே செல்கிறார். இங்கோ மனிதரும் காரோடு சேர்ந்து சுற்றுகிறார். மதிலில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு வழி திறந்து, ஒரு விளக்கும் வைத்தால், மேம்பாலம் செய்யாத நன்மையை அது செய்யும்.

கிளாம்பாக்கம் தரும் பாடம்

இனி நமக்கு நெருங்கிய ஓர் இடத்துக்கு வருவோம். விடுமுறையில் சென்னை சென்று அங்கிருந்து தென்மாவட்டங்களுக்குப் பஸ் ஏறும் நம் நண்பர்கள் கிளாம்பாக்கத்தை அறிவார்கள். சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே, 2023 டிசம்பர் 30-ஆம் நாள் அங்குப் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. 2002 முதல் கோயம்பேட்டிலிருந்து சென்ற தென்மாவட்டத் தொலைதூர அரசு பஸ்கள் அங்கு மாற்றப்பட்டன. நகருக்குள் பெரும் பஸ்கள் நுழைவதைக் குறைப்பது நல்ல நோக்கமே. கட்டடமும் விசாலமானது.

ஆனால் திறந்த நாளில் அதன் எதிரே இரயில் நிலையம் இல்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியே செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார இரயில் ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. இரயிலில் வந்தவர் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, கையில் பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாய் மீண்டும் ஒரு வண்டி தேட வேண்டியதாயிற்று. கண்ணுக்கெட்டும் தொலைவிலிருந்த இரயில் காலுக்கு எட்டவில்லை. பஸ் நிலையம், இரயில் நிலையம், இரண்டையும் இணைக்கும் நடைமேம்பாலம் ஆகிய மூன்றும் ஒரே திட்டம். மூன்றையும் ஒரே நாளில் திறந்திருக்க வேண்டும்.

யார் கையில் எது?

இவ்வாறு நேர்வதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணம் அன்று. புறநகருக்கு எசமானர் பலர். இரயில் மத்திய அரசின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையும் அவ்வாறே. மற்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில். பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கையில். தெருவும் தெருவிளக்கும் மட்டும் நகராட்சியிடம்.

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 18 பொருள்களைக் குறிக்கிறது. அதில் நகரத் திட்டமிடல் உண்டு. சாலையும் பாலமும் உண்டு. பஸ் நிறுத்தமும் உண்டு. பஸ் போக்குவரத்து இல்லை! நிழற்குடை போடலாம், அதன் கீழே பஸ் எப்போது வரும் என்று தீர்மானிக்க முடியாது. இக்குறையைப் போக்கவே பல பெருநகரங்களில் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்றார்கள். சென்னைக்கு 2010-இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. குழுமத்தின் முதற்கூட்டம் நடந்ததோ 2022-இல்.

எங்கே தொடங்குவது?

பணம் குறைந்த ஒரு புறநகர் நகராட்சி என்னைக் கேட்டால் இந்த வரிசையைச் சொல்வேன்.

முதலாவது, எண்ணுக. வண்டிகளை மட்டும் அன்று, மனிதர்களை எண்ணுக. ஒரு பஸ்ஸில் 60 பேர், ஒரு காரில் ஒருவர் என்றால் அவை இரண்டு வண்டிகள் மட்டும் அல்ல, 61 மனிதர்கள்.

இரண்டாவது, இரயில் பாதையைக் கடக்கும் வழி. 2012-இல் அனில் ககோத்கர் தலைமையிலான இரயில்வே பாதுகாப்புக் குழு, தண்டவாளத்தைக் கடந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 15,000 பேர் உயிரிழப்பதாகவும், அவர்களில் சுமார் 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பகுதியினர் என்றும் கூறியது. இவர்களை விதி மீறியவர் என்று சொல்லி விட்டுவிடுதல் எளிது. ஆனால் படியேறி இறங்கிச் செல்லும் வழி அரை மைல் சுற்று என்றால், களைத்த மனிதர் எந்த வழியைத் தேர்வார்? மக்கள் நாள்தோறும் கடக்கும் அதே இடத்தில் சுரங்கப்பாதையோ சாய்தளப் பாலமோ அமைப்பதே முறை.

மூன்றாவது, நிலையத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை நடைபாதை. குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறி. மின்மாற்றியும் குப்பைத் தொட்டியும் அதன் நடுவே நின்றால் அது நடைபாதை ஆகாது. அடியில் மழைநீர் வடிகால் இல்லையெனில் முதல் மழையிலேயே அது கால்வாய் ஆகிவிடும்.

நான்காவது, இரயில் நேரத்தோடு பொருந்தும் சிற்றுந்துகள். ஷேர் ஆட்டோக்களை விரட்டாமல் அவற்றுக்கும் ஓர் இடம் வகுத்தல் நலம். ஐந்தாவதாக, மனைப்பிரிவுகளுக்கு இடையே நடைவழிகள். சாலை அகலமாக்கல் இவற்றுக்குப் பின், இவற்றால் தீராத இடத்தில் மட்டும்.

நண்பர்களே, இது பொறியியலார் மட்டும் செய்யும் பணி அன்று. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது உங்கள் ஊர் நிலையத்தின் வாயிலில் காலை 8 மணி முதல் 9 மணி வரை நில்லுங்கள். நடந்து வருவோர் எத்தனை பேர், சைக்கிளில் எத்தனை பேர், பஸ்ஸில், ஆட்டோவில், காரில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் கோடிட்டு எண்ணுங்கள். தண்டவாளத்தைக் கடந்து வருவோரைத் தனியே குறியுங்கள். அத்தாளின் ஒரு படியை நகராட்சித் தலைவரிடம் கொடுங்கள். மற்றொரு படியை நம் மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து ஊர்களின் கணக்கு சேர்ந்தால், அடுத்த இதழில் நாம் வெறும் கருத்தாக அன்றிச் சான்றோடு பேசலாம்.