எல்லோரும் விற்கிற மாவில் என்ன புதுசு?

சொந்தமாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. கூடவே சில நம்பிக்கைகளும் இருக்கின்றன. ஆசையை முளையிலேயே கிள்ளிவிடுபவை பெரும்பாலும் அந்த நம்பிக்கைகள்தான். கைத்திறமை உள்ளவர்கள், முக்கியமாக வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய நினைக்கும் பெண்கள், இவற்றை நம்பி வருஷக்கணக்கில் காத்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நம்பிக்கை: யாருக்கும் தோன்றாத புது ஐடியா வந்தால்தான் தொழில் தொடங்கலாம்.

உண்மை: இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். இதைவிடப் பழைய பண்டம் தென்னிந்தியாவில் ஏது? ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்டிய காலம் போய், 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். கை வலி தீர்ந்தது. வேலை தீர்ந்ததா? அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊற வேண்டும், உளுந்து பொங்கப் பொங்க அரைபட வேண்டும், கல்லையும் பாத்திரத்தையும் கழுவ வேண்டும், இரவு முழுக்க மாவு புளிக்க வேண்டும். நாளைக் காலை டிபனுக்கு இன்று மதியமே அரிசி ஊறப்போட வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணால் இது தினமும் முடிகிற காரியமில்லை. அதனால்தான் தெருமுனைக் கடைகளில் பிளாஸ்டிக் பையில் மாவு விற்பனை வந்தது.

2005-ல் பெங்களூருவில் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும் தொடங்கிய ‘ஐடி ஃப்ரெஷ்’ நிறுவனத்தின் விதை இங்கேதான் இருந்தது. அந்தச் சகோதரர்கள் நடத்திய சின்ன மளிகைக் கடையில், ரப்பர் பேண்ட் போட்ட பையில் தோசை மாவு விற்றது. வாங்கியவர்கள் அதன் தரத்தைப் பற்றிக் குறை சொன்னார்கள், ஆனாலும் வாங்கினார்கள். இந்த “ஆனாலும்” என்பதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். குறை சொல்லிக்கொண்டே ஒருவர் திரும்பத் திரும்ப ஒரு பொருளை வாங்குகிறார் என்றால், அங்கே தேவை இருக்கிறது, தீர்வு பாதிதான் இருக்கிறது. 50,000 ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்தவர்களுக்கு, நாளுக்கு 100 பாக்கெட் என்ற அளவை எட்ட ஒன்பது மாதம் ஆனது. அவர்கள் கண்டுபிடித்தது புதுப் பண்டமில்லை. சுத்தமாக, ஒரே பக்குவத்தில், தினமும் கிடைக்கும் என்ற நம்பகத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த “அவ்வளவுதான்” லேசுப்பட்டதில்லை. சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, மார்கழிக் குளிரில் விடிந்தும் அசையாமல் கிடக்கும். பையை இறுக்கி ஒட்டினால் புளிக்கும்போது வரும் வாயுவில் உப்பிக்கொள்ளும். தொழில் என்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: என்ன வேண்டும் என்று கேட்டால் மக்களே சொல்லிவிடுவார்கள்.

உண்மை: சொல்ல மாட்டார்கள். சில தேவைகளை வெளியே சொல்லவே கூச்சம். கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தின் அனுபவம் இதற்குச் சரியான சான்று. திருமணமான புதிதில், 1998 வாக்கில், மாதவிலக்கு நாட்களுக்காக மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதை அவர் கவனித்தார். நாப்கின் வாங்கினால் வீட்டின் பால் செலவில் கைவைக்க வேண்டியிருக்கும் என்றார் மனைவி. முருகானந்தம் தானே பஞ்சில் ஒன்று செய்து கொடுத்துக் கருத்துக் கேட்டார். மனைவியிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் படிவம் கொடுத்தார். எல்லோருக்குமாகச் சிலரே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார். ஊர் அவரைப் பித்தன் என்றது. மனைவி பிரிந்து போனார். பின்னாளில் திரும்பி வந்தார்.

கடை நாப்கினில் இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் நார் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைப் பதப்படுத்தும் வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை என்றதும், அந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சின்ன இயந்திரங்களைச் செய்தார். நான் பெரிதும் மதிப்பது அதற்கடுத்த முடிவை. நாப்கின் விற்கும் முதலாளியாகாமல், இயந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்றார். கடைக்கார ஆணிடம் கேட்கக் கூசும் கிராமத்துப் பெண், பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்காமல் வாங்குவாள். பொருளோடு, அதை யார் கையிலிருந்து வாங்குவது என்பதும் தேவையின் ஒரு பகுதி என்று அவருக்குப் புரிந்திருந்தது. 2016-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

நம்பிக்கை: காசில்லாதவர்களிடம் என்ன வியாபாரம் செய்வது?

உண்மை: தினக்கூலி வாங்குகிறவரிடம் காசு வருகிறது; மொத்தமாக வருவதில்லை. ஒரு பாட்டில் ஷாம்பு வாங்க முடியாத வீட்டிலும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பார்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னச் சின்ன சாஷேக்களில் அடைத்து விற்றது இதை உணர்ந்துதான். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். அந்த நிறுவனமே பின்னால் ‘கவின்கேர்’ ஆனது. கிராமங்களுக்குப் போய்ப் பையன்களின் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டினார்கள், காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் புதிது தந்தார்கள். அந்தக் காலி உறைகள் இன்று எல்லா ஊர் வாய்க்காலையும் அடைத்துக் கிடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். குறைந்த காசுக்குக் குறைந்த அளவு என்ற தேவையைக் குப்பை சேராமல் தீர்க்கும் வழி இன்னும் பாக்கி இருக்கிறது. யாராவது முனைந்தால் நல்லது.

நம்பிக்கை: எல்லோரும் நல்லா இருக்கு என்கிறார்கள், அதனால் விற்கும்.

உண்மை: பாராட்டுக்குச் செலவில்லை. அடுத்த வாரத்துக்கு இப்போதே பணம் தருகிறார்களா என்று பாருங்கள். பத்து வீட்டில் நான்கு வீடு முன்பணம் கொடுத்தால் தெம்பாக இறங்கலாம். சொந்தக்காரர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம்பிக்கை: கடன் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

உண்மை: முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. உணவுப்பொருள் என்றால், வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். இவை இரண்டும் கைக்கு வந்த பிறகும், மாவுத் தொழிலில் எல்லாம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பெட்டிக்கடைக்காரரின் ஃப்ரிட்ஜ். பெரும்பாலும் அது கூல் டிரிங்க்ஸ் கம்பெனி கொடுத்தது, அதில் அவர்கள் பாட்டில்கள் நிறைந்திருக்கும். உங்கள் பாக்கெட் வெளியே பலகையில் இருந்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், மறுநாள் ரிட்டர்ன் வரும், அந்த நஷ்டம் உங்கள் தலையில். அதனால் கிரைண்டர் வாங்குவதற்கு முன்னால் நாலு கடைக்குப் போய், “அண்ணாச்சி, உங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு எனக்கு ஒதுக்க முடியுமா? ரிட்டர்னுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டு வந்துவிடுங்கள்.