பசு பிழைத்தது, குதிரை மடிந்தது, ஏன்?

ஒரே மேய்ச்சல் நிலம், ஒரே புல். அதில் மேய்ந்த பசுக்களிடம் நோயின் அறிகுறி இல்லை. குதிரைகளோ மெலிந்து, மூச்சுத் திணறி மடிந்தன. இது எப்படி?

இது கட்டுக்கதை அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கார்கீனஸ் என்னும் நீரிணை உள்ளது. அதன் தென்கரையில், செல்பி என்ற இடத்தில், ஓர் ஈய உருக்காலை இயங்கி வந்தது. எதிர்க்கரையில் பெனிஷியா ஊரும் அதன் மேய்ச்சல் நிலங்களும். மேற்கிலிருந்து வீசும் காற்று ஆலைப்புகையை நீரிணைக்கு அப்பால் கொண்டு சென்றது. புகையின் கேடுகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1915-இல் வெளிவந்தது. குதிரைகளைக் கொன்றது ஈயமே என்று அது காட்டியது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே வட்டாரத்தில் மீண்டும் குதிரைகள் மடிந்தன.

புகையில் ஈயம் எப்படி வந்தது?

ஈயத்தின் முக்கியத் தாது கலீனா. இது ஈயமும் கந்தகமும் சேர்ந்த பொருள். இதைக் காற்றில் வறுக்கும்போது கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளியேறுகிறது. ஈயத்தின் ஒரு பகுதியும் நுண்துகள்களாகப் புகையுடன் கலந்து, புல்லிலும் மண்ணிலும் படிகிறது. இலை மட்கும், சாணம் மட்கும். ஆனால் ஈயம் ஒரு தனிமம். அது எதுவாகவும் சிதையாது. மேல்மண்ணிலேயே பல்லாண்டுகள் தங்கிவிடும்.

(நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இங்கே நாம் பேசுவது காரீயம்.)

வாயும் வயிறும்

பசு மேய்வதைக் கவனித்திருப்பீர்கள். அது நாக்கால் புல்லைச் சுற்றி வளைத்து இழுக்கிறது. அதற்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லை. எனவே தரையை ஒட்டி மேய்வது கடினம். குதிரைக்கோ மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு. அது தரையை ஒட்டிக் கறிக்கும். சில வேளை வேரோடு பிடுங்கும். புல்லுடன் மண்ணும் உள்ளே போகும். பசுவின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. குதிரையின் இரைப்பை ஒற்றை அறைதான். இந்த வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் பசுவுக்கு ஈயம் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள்! பழைய பாட்டரியையோ வண்ணப்பூச்சையோ நக்கி, ஒரே முறையில் மிகுதியான ஈயத்தை உட்கொண்டு இறப்பவை பெரும்பாலும் மாடுகளே. சிறிது சிறிதாக, நெடுநாள் சேரும் நஞ்சுதான் குதிரையை முதலில் வீழ்த்துகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

உடல் ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேமிக்கிறது. குருதியின் ஹீமோகுளோபின் உருவாவதை ஈயம் தடுக்கிறது, நரம்புகளையும் தாக்குகிறது. குதிரையின் இடப்புறக் குரல்வளை நரம்பு கழுத்து வழியே மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, மீண்டும் மேலேறித் தொண்டையை அடைகிறது. இத்தகைய மிக நீண்ட நரம்பு செயலிழந்தால் குரல்வளை சரியாகத் திறப்பதில்லை. ஓடும்போது மூச்சு உறுமல் போல் ஒலிக்கிறது. விழுங்கும் தசைகளும் தளர்ந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா உண்டாகிறது.

ஒரு கணக்கு

நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் ஈயம் சேர்ந்தால் குதிரைக்கு ஆபத்து என்பது ஒரு மதிப்பீடு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 850 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு! அது நாளொன்றுக்கு 10 கிலோ உலர்புல் தின்றால், கிலோவுக்கு 85 மில்லிகிராம் ஈயம் இருந்தாலே போதும். கண்ணுக்குப் புல் பச்சையாகவே தெரியும்.

செல்பி ஆலை 1970-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் புகை நின்றதும் மண் தூய்மையாகிவிடுவதில்லை. ஆகவே ஐயத்துக்குரிய இடங்களில் மண்ணையும் புல்லையும் சோதித்த பிறகே மேய்க்க வேண்டும். புல் கட்டையாகும்வரை மேயவிடாமல் வைக்கோல் இட வேண்டும்.

சிந்தியுங்கள்: மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் சிறு குழந்தை, இந்தக் கதையில் பசுவைப் போன்றதா, குதிரையைப் போன்றதா?