பேட்ச் கோப்பினின்று பைதனுக்கு

விண்டோஸ் கணினியில் ஒரே பணியை நாடோறும் செய்வார்க்குப் பேட்ச் கோப்பு பழந்துணையாகும். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த டாஸின் வழிவந்த அதனை நாம் இகழ்வதற்கில்லை. இரண்டொரு கோப்புகளைப் பிரதி செய்ய இன்றும் அதுவே போதும். ஆயினும் அதன் குணமொன்றை மாணவர் அறிதல் வேண்டும். ஒரு வரி தவறினும் அது பெரும்பாலும் நில்லாது அடுத்த வரிக்குச் சென்றுவிடும். பழைய பிரதிகளுள்ள கோப்புறைக்குள் புகுந்து ஆங்குள்ள எழுத்துக் கோப்புகளை அழிக்குமாறு நாம் ஒருகால் எழுதி வைத்தோம். அக்கோப்புறையின் பெயரோ இடையில் மாற்றப்பட்டிருந்தது. ‘சிடி’ தோற்றது, ‘டெல்’ தோற்கவில்லை. நின்ற இடத்திலிருந்த ஓராண்டுக் குறிப்புகள் அழிந்தன. டெல் அழித்தவை குப்பைத் தொட்டிக்கும் செல்வதில்லை யென்பதை அன்றே கற்றோம்.

கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைதனோ, இல்லாத கோப்புறைக்குள் புகச் சொன்னால் பிழை கூறி அவ்விடத்தே நின்றுவிடும். 08, 09 என்னும் மாத எண்களை எட்டடிமான எண்களெனக் கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிழை காட்டி, அக்டோபரில் தானே தெளியும் பேட்ச் கணக்கின் விநோதமும் ஈண்டில்லை. ‘08’ என்னும் எழுத்துத் தொடரை ‘இன்ட்’ எட்டென்றே கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனிக்க. ‘சப்ராசஸ்’ வழியே பிறிதொரு நிரலை ‘ரன்’ கொண்டு ஏவுங்கால், ‘செக்’ என்பதனை ‘ட்ரூ’ என்று இடாவிடில், அந்நிரல் தோல்வியுற்று முடியினும் பைதன் மேற்சென்றுவிடும். பழைய கோப்பை வரிக்கு வரி பெயர்ப்போர் மறப்பது பெரும்பாலும் இதனையே.